சுஷி கோ: 304 விளையாடும் வீட்டில் 15 நிமிட அட்டை விளையாட்டுக்கு இடம் உண்டா?

2025 ஏப்ரல் 16 – வாசகர் ஒருவரின் கேள்வி

வருடப்பிறப்புக்கு வந்த உறவினர் ஒருவர், ஜப்பானிய உணவுப் படங்கள் போட்ட 'சுஷி கோ' என்ற அட்டை விளையாட்டுப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். நால்வராக விளையாடிப் பார்த்தோம். கையில் உள்ளவற்றில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுகிறோம், எடுத்து வைத்தவற்றுக்குப் புள்ளி, அவ்வளவுதான். 304 என்ற கடதாசி விளையாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு இது முழுக்க அதிர்ஷ்டமாகவே தெரிகிறது. மாறாக நினைப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஏப்ரல் 16, இரவு

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தை மேசையில் நீண்ட காலமாக 304 நடக்கிறது. அதே மேசையில்தான் இப்போது சுஷி கோவும் விரிக்கப்படுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

நான்கு பேர் என்றால் ஆளுக்கு 8 அட்டைகள், மேசையில் மொத்தம் 32. 304 இலும் ஏழு முதல் ஏஸ் வரை 32 கடதாசிகள், ஆளுக்கு 8. அங்கே அந்த 32 உம் எவை என்பது முதலிலேயே தெரியும். எது யாருடைய கையில் என்பதுதான் தெரியாது. இங்கே 108 அட்டைகள் கொண்ட பெரிய கட்டில் இருந்து 32 மட்டும் ஒரு சுற்றுக்கு இறங்குவதால், எவை வந்திருக்கின்றன என்பதே தெரியாது. ஆனால் அந்த இருட்டு நெடுநேரம் நீடிப்பதில்லை. முதல் முறை 8 அட்டைகளையும், இரண்டாம் முறை இன்னொருவரிடம் இருந்து வரும் 7 ஐயும், பிறகு 6 ஐயும், நான்காம் முறை 5 ஐயும் பார்த்துவிடுகிறீர்கள். அதற்குள் மற்றவர்கள் எடுத்தவை எல்லாம் மேசையில் முகம் தெரியக் கிடக்கின்றன. ஐந்தாம் முறை, முதலில் உங்கள் கையில் இருந்த கட்டே 4 அட்டைகளுடன் உங்களிடம் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் எஞ்சியிருக்கும் 16 அட்டைகளும் எவை, எந்தக் கையில் உள்ளவை என்பதைக் கவனித்திருந்தவர் சொல்லிவிட முடியும்.

விழுந்த கடதாசிகளை மனத்தில் எண்ணிக்கொண்டு எத்தனை துரும்பு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் 304 காரர்களுக்குக் கைவந்தது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், சுற்றின் இரண்டாம் பாதி அதிர்ஷ்டமாகத் தோன்றாது.

ஏப்ரல் 17

நேற்று எழுதியது நான்கு பேருக்கு உரிய கணக்கு. ஆள்தொகை மாறினால் விளையாட்டின் தன்மையே மாறும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 7 அட்டைகள். முதற் கட்டு ஆறாம் முறைதான் திரும்பி வரும், அதுவும் 2 அட்டைகளுடன். யோசித்துப் பயன்படுத்த அங்கே எதுவும் இராது. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 9. ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை காண்பீர்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 10. இரண்டாம் முறையிலேயே எல்லா அட்டைகளும் தெரிந்துவிடும், அதன்பிறகு எதிரில் இருப்பவரின் மனத்தை ஊகிப்பது மட்டும்தான் வேலை. அதிர்ஷ்டம் வேண்டாம் என்பவர்கள் மூன்று பேராக உட்காருங்கள். இந்த விளையாட்டு மிக நன்றாக அமைவது அந்த எண்ணிக்கையில்தான் என்பது என் கருத்து. கலகலப்பு வேண்டும் என்பவர்கள் ஐந்து பேராக உட்காரலாம்.

ஏப்ரல் 19

"சஷிமி மூன்று சேர்த்தால் 10 புள்ளி, ஆகவே எப்போதும் அதையே குறிவைக்கிறேன், ஆனால் தோற்கிறேன்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது.

சஷிமி (பச்சை மீன் துண்டு) அட்டைகள் மொத்தம் 14. நான்கு பேர் விளையாடும்போது ஒரு சுற்றில் 32 அட்டைகள் வருவதால், சராசரியாக நான்கு சஷிமி அளவில்தான் மேசைக்கு இறங்கும். மூன்று இருந்தால்தான் 10 புள்ளி. ஒன்றோ இரண்டோ இருந்தால் ஒன்றும் இல்லை. அதனால் இருவர் சஷிமி சேர்க்கத் தொடங்கினால் பெரும்பாலும் இருவருமே கெட்டார்கள். டெம்புராவும் 14 தான். ஆனால் சோடி சேர்ந்தாலே 5 புள்ளி கிடைப்பதால் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள அங்கே இடம் உண்டு.

டம்ப்ளிங்கை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொழுக்கட்டை என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று எடுத்தால் 1, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 10, ஐந்துக்கு 15 புள்ளிகள். முதலாவதை எடுக்கும்போது அற்பமாகத் தெரியும். நான்காவது தனியே 4 புள்ளி தரும், ஐந்தாவது தனியே 5 தரும். எவருக்கும் அக்கறை இல்லாமல் இரண்டு முறை வலம் வரும் கொழுக்கட்டையைக் கண்டால் நான் விடுவதில்லை.

நிகிரி என்ற சோற்றுருண்டை அட்டைகளில் கணவாய்க்கு 3 புள்ளி, சால்மனுக்கு 2, முட்டைக்கு 1. வசாபியை முன்பே வைத்திருந்தால் அடுத்து எடுக்கும் நிகிரி மும்மடங்காகும். கணவாய் விழுந்தால் 9. இரண்டு அட்டைக்கு 9 என்பது இந்தப் பெட்டியிலேயே நல்ல விலை. ஆனால் அடுத்து எடுக்கும் நிகிரி எதுவானாலும் வசாபியின் மேல்தான் போக வேண்டும். முட்டையை எடுத்துத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுக் கணவாய்க்குக் காத்திருக்க முடியாது. இந்த இடத்தில் பல வீடுகளில் பிழையாக விளையாடுகிறார்கள்.

ஏப்ரல் 20

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிக் கேட்டவருக்கு.

எட்டு வயதுப் பிள்ளை ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். வாசிக்க வேண்டிய எழுத்து மிகக் குறைவு. அட்டையில் படமும், அடியில் புள்ளி விபரமும் இருக்கின்றன. அம்மாவுக்குத்தான் முதல் நாள் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு படத்தையும் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "பச்சை மீனையோ தின்னுறாங்கள்?" என்று கேட்டார். வசாபி என்றால் என்னவென்று விளக்கப் போனபோது, "எரிக்கிற சம்பல் எண்டு சொல்லன்" என்று அவரே முடித்துவைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சம்பல்தான்.

முதல் ஆட்டத்தில் சொப்ஸ்டிக் (உண்ணும் குச்சி) அட்டைகளைப் பெட்டியில் இருந்து நீக்கிவிடச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை, ஒரு முறையில் இரண்டு அட்டைகளை எடுத்துவிட்டுச் சொப்ஸ்டிக்கை மீண்டும் கைக்கட்டுக்குள் போட்டு அனுப்புவது புதியவர்களைக் குழப்பும். ஆனால் ஐந்து பேர் விளையாடும்போது நான்கு சொப்ஸ்டிக்கையும் நீக்க முடியாது. ஐந்து பேருக்கு ஒரு சுற்றில் 35, மூன்று சுற்றுக்கு 105 அட்டைகள் வேண்டும். 108 இல் 4 ஐக் கழித்தால் 104 தான் மிஞ்சும், கடைசிச் சுற்றில் ஒருவருக்கு ஒரு அட்டை குறையும். மூன்றை மட்டும் நீக்கிவிட்டு ஒன்றை விட்டுவிடுங்கள்.

புடிங் அட்டைகளை நீக்கிவிட வேண்டாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 27

இன்று மாலை நடந்த ஒரு விடயம் இந்த விவாதத்துக்கு நேரே பொருந்துகிறது.

மேசையில் நான்கு பேர்: அம்மா, அவருக்கு இடப்பக்கத்தில் என் தங்கையின் மகன், பிறகு என் மச்சான், நான். பெடியன் இரண்டு சஷிமி வைத்திருந்தான். அம்மாவின் முன்னால் ஒரு வசாபி வெறுமையாகக் கிடந்தது. அவருடைய கைக்கு வந்த மூன்று அட்டைகளில் ஒரு சால்மன் நிகிரியும் ஒரு சஷிமியும் இருந்தன. சால்மனை எடுத்திருந்தால் வசாபியுடன் சேர்ந்து 6 புள்ளி. அம்மா அட்டைகளை மேசையில் கவிழ்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பேரனின் வரிசையை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒன்றை உருவி முன்னால் வைத்தார். "எல்லாரும் வைச்சாச்சோ?" என்று மச்சான் கேட்க, நால்வரும் திருப்பினோம். அம்மாவின் அட்டை சஷிமி.

"அம்மம்மா, அது உங்களுக்கு ஒண்டுக்கும் உதவாதே!"

"உனக்கு உதவும் எண்டுதானே எடுத்தனான், ராசா."

பெடியனின் கண் கலங்கிவிட்டது. அடுத்த சுற்று முழுவதும் அவன் ஒருவருடனும் பேசவில்லை.

அம்மா செய்தது சரியா? மனவருத்தத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். அந்தச் சுற்றில் அவருக்கு வேறு நிகிரி வரவில்லை, ஆகவே 6 புள்ளி இழப்பு. பேரனுக்கு 10 போய், அவனிடம் சென்ற சால்மனால் 2 கிடைத்தது, ஆகவே 8 இழப்பு. அவனோடு ஒப்பிட்டால் அம்மாவுக்கு 2 இலாபம். ஆனால் மச்சானோடும் என்னோடும் ஒப்பிட்டால் 6 நட்டம். நாங்கள் இருவரும் ஒன்றுமே செய்யாமல் முன்னேறினோம்.

304 இல் இருப்பவை இரண்டு சோடிகள். எதிர்ச்சோடி இழப்பது எல்லாம் நமக்குச் சேரும். ஆகவே மற்றவரைக் கெடுப்பது அங்கே எப்போதும் நியாயமான வழி. மூன்று, நான்கு பேர் தனித்தனியே விளையாடும் இடத்தில் ஒருவரைக் கெடுக்க நீங்கள் கொடுக்கும் விலையின் பயன் வேறொருவருக்குப் போய்ச் சேருகிறது. அவன் மட்டுமே உங்களுக்கு முன்னால் நிற்கிறான் என்றால் கெடுக்கலாம். அல்லது உங்களுக்கு வேறு நல்ல அட்டை இல்லாத நேரத்தில் கெடுக்கலாம், அப்போது விலை இல்லை. பழைய 304 காரர்கள் புதிதாகக் கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்று நான் நினைக்கிறேன். எண்ணும் திறமை அப்படியே உதவும். கெடுக்கும் பழக்கத்தை அளந்து பயன்படுத்த வேண்டும்.

ஏப்ரல் 28

"பிள்ளையை அழவைக்கிற விளையாட்டு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறான தொல்லைதான் அதிகம். பெரியவர்கள் இடப்பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்காக நல்ல அட்டையை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார்கள். பெரியம்மாவுக்கு இடப்பக்கம் யார் உட்காருகிறாரோ அவருக்குத்தான் வெற்றி என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கதிரைக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

அன்பை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆகவே திசையை மாற்றினோம்: முதற் சுற்றில் இடப்பக்கம், இரண்டாவதில் வலப்பக்கம், மூன்றாவதில் மீண்டும் இடப்பக்கம். இதனால் ஒருவருடைய தயவு ஒருவருக்கு மட்டும் போவது குறைந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கதிரை மாறி உட்காருவதும் உதவும். நேற்று அழுத பெடியன் இன்று காலையில் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மம்மா இண்டைக்கு எனக்கு இடப்பக்கம் இருக்கட்டும்" என்றான். எவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் இந்த விளையாட்டின் சாரம் என்பதை அவன் புரிந்துகொண்டுவிட்டான்.

மே 3

இந்த வகையில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

ஒன்றை எடுத்து மீதியைக் கைமாற்றும் முறை சுஷி கோ விளையாட்டில் பிறந்தது அல்ல. 1993 இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: த கெதரிங்' அட்டைகளை வாங்கியவர்கள், உறையை உடைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிக் கொடுத்துத் தங்கள் கட்டை அமைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2010 இல் பிரான்சைச் சேர்ந்த அந்துவான் போசா அதே முறையை '7 வொண்டர்ஸ்' என்ற விளையாட்டின் உயிர்நாடியாக்கினார். 2011 இல் ஜேர்மனியின் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை அந்த விளையாட்டே பெற்றது. சுற்றுக்குச் சுற்றுத் திசை மாறுவதும் அதில் உண்டு. அவுஸ்திரேலியரான பில் வோக்கர்-ஹார்டிங் 2013 இல் சுஷி கோவை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கேம்ரைட் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. எட்டுப் பேர் வரை விளையாடக்கூடிய 'சுஷி கோ பார்ட்டி' 2016 இல் வந்தது.

7 வொண்டர்ஸ் ஆழமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், புட்டு அவிந்துகொண்டிருக்கும் இடைவெளியில், புதிதாக வந்த ஒருவருக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். சுஷி கோ அந்த இடைவெளிக்குள் ஒருமுறை முழுதாக முடிந்து, "இன்னொருக்கா" என்ற குரலும் எழுந்துவிடும்.

மே 13

வெசாக் விடுமுறையில் ஆட்கள் நிறைய வந்திருந்ததால் ஐந்து பேர் ஆட்டத்தைப் பல தடவை பார்க்க முடிந்தது. இப்போது புடிங்கைப் பற்றி எழுதலாம்.

புடிங் அட்டைகள் 10. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மற்ற அட்டைகள் எல்லாம் ஒதுக்கப்படும். புடிங் மட்டும் உங்கள் முன்னாலேயே இருக்கும். மூன்றாம் சுற்று முடிந்த பிறகு, அதிகம் வைத்திருப்பவருக்கு 6 புள்ளி கூடும், மிகக் குறைவாக வைத்திருப்பவருக்கு 6 புள்ளி குறையும். மேலிருந்து கீழே 12 புள்ளி வித்தியாசம். இரண்டு பேர் விளையாடும்போது மட்டும் குறைந்தவருக்குத் தண்டனை இல்லை.

ஐந்து பேர் ஆட்டத்தில் 108 இல் 105 அட்டைகள் வந்துவிடுவதால் ஏறத்தாழ எல்லாப் புடிங்கும் மேசைக்கு வரும்; ஆளுக்கு இரண்டு என்ற அளவு. அங்கே ஒன்றோடு நிற்பவர் ஆபத்தில் இருக்கிறார். இரண்டு பேர் ஆட்டத்தில் 60 அட்டைகள்தான் வருகின்றன. ஐந்து அல்லது ஆறு புடிங்கை எதிர்பார்க்கலாம். ஆகவே "எத்தனை எடுத்தால் போதும்" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. என் வழக்கம் இது: முதற் சுற்றில், மனத்துக்குப் பிடித்த அட்டை எதுவும் இல்லாத கட்டு வந்தால் புடிங்கை எடுத்துவிடுவேன். மூன்றாம் சுற்றில் அதைத் தேடி ஓடும்போதுதான் எல்லோரும் அதையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

எழுபது வயதைக் கடந்த என் மாமா 304 தவிர வேறெதையும் தொடமாட்டார். இந்தப் புடிங் கணக்கைக் கேட்டபிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டார். "அப்ப முதல் சுற்றிலை எடுத்தது கடைசி மட்டும் கிடக்குமோ? அது விளையாட்டுத்தான்" என்றார். அவரிடம் இருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

மே 18

கையோடு சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறை வடையையும் மிக்சரையும் சாப்பிட்ட கையால் அட்டையைத் தொட விடாதீர்கள். ஒரு அட்டையின் முதுகில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால், அது சஷிமி என்பது இனி எல்லோருக்கும் தூரத்திலேயே தெரிந்துவிடும். மெல்லிய நெகிழி உறைகளில் போட்டுவைப்பது நல்லது. மேலே காற்றாடி சுழன்றால் அட்டைகள் புரளும். தடித்த துணி ஒன்றை விரித்தால் நிற்கும். புள்ளிகளைப் பிள்ளைகளின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதுங்கள், எழுதுகிற பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.

மே 25

ஏப்ரல் 19 இல் சஷிமியைப் பற்றி எழுதியதை மீண்டும் படித்தேன். அதைப் படித்த பலரும் சஷிமியை முற்றாகக் கைவிட்டதாகத் தெரிகிறது. எங்கள் மேசையிலும் இப்போது ஒருவரும் தொடுவதில்லை. எல்லோரும் ஒதுக்கினால் அது ஒருவருக்கு மட்டும் இலவசமாகக் கிடைக்கும் 10 புள்ளி ஆகிவிடுகிறது. அம்மா அண்மைக் காலமாக அதில்தான் வெல்கிறார். ஆகவே திருத்தமாகச் சொல்வதானால், இருவர் தொடங்கினால் விலகுங்கள், ஒருவரும் தொடங்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள். எந்த அட்டைக்கும் நிரந்தர விலை இல்லை. அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் விலையைத் தீர்மானிக்கிறார்கள்.

மாகியும் இப்படித்தான். பெட்டியில் உள்ள எல்லா மாகி அட்டைகளிலும் சேர்த்து 54 சுருள்கள். நான்கு பேர் ஆடும் சுற்றில் சராசரியாக 16 வரும். சுற்றில் சுருள்கள் அதிகம் சேர்த்தவருக்கு 6 புள்ளி, அடுத்தவருக்கு 3. மூன்று பேர் போட்டியிட்டால் ஒருவர் உழைப்பு முழுவதும் வீண். யாரும் போட்டியிடாத சுற்றில் மூன்று சுருள் கொண்ட ஒற்றை அட்டையே இரண்டாம் இடத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த விவாதத்தைத் தொடங்கியவர் நேற்று மூன்று பேராக விளையாடிப் பார்த்ததாக எழுதியிருந்தார், மகிழ்ச்சி. 304 ஐ விட்டுவிட வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு 304 தான். நான்கு பேருக்குச் சோடி சேர்ந்துவிட்டால், ஐந்தாவதாக வந்தவரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த அந்த மாலை நேரத்துக்குத்தான் இப்போது ஒரு விளையாட்டுக் கிடைத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரே நேரத்தில் திருப்புவதால் எவரும் தன் முறைக்குக் காத்திருப்பதில்லை. சோடி இல்லாததால், "ஏன் அந்தத் துரும்பை இறக்கினனீர்?" என்று எவரும் எவரையும் கேட்கவும் வழியில்லை.

ஜூன் 1

சமநிலை பற்றிக் கேட்டவருக்கு. மாகியில் இருவர் முதலிடத்தில் சமமாக நின்றால் 6 ஐப் பங்கிட்டு ஆளுக்கு 3. அப்போது இரண்டாம் இடத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை. மீதி வந்தால் விட்டுவிட வேண்டும். புடிங்கில் குறைந்த எண்ணிக்கையில் இருவர் சமம் என்றால் தண்டனையும் பங்கிடப்படும், ஆளுக்கு 3 குறையும். எல்லோரும் ஒரே எண்ணிக்கை வைத்திருந்தால் ஒருவருக்கும் கூடாது, ஒருவருக்கும் குறையாது. மொத்தப் புள்ளியில் சமம் என்றால் புடிங் அதிகம் வைத்திருப்பவருக்கு வெற்றி.